300 ஓம்னா பெரிய ஆம்ப், 32 ஓம்னா போனே போதும்: சரியா?

சத்தம்கம்மி | 2 மார்ச் 2024, இரவு 10:14

கையில இருக்கற ஹெட்போன்கள்: சென்ஹைசர் எச்டி 6எக்ஸ்எக்ஸ் (300 ஓம்), ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ (32 ஓம்), அப்புறம் ஒரு மல்ட்டி பிஏ ஐஇஎம் (காதுக்குள்ள சொருகற, பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் வச்ச இயர்போன்). ஆண்ட்ராய்டு போன்ல ஆப்பிள் டைப்-சி டாங்கிள் (3.5 ஜாக் தர்ற குட்டி ஒயர்) போட்டு கேக்கறேன். "32 ஓம்னா போனே இழுத்துடும், 300க்குத்தான் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேணும்"னு கடையில சொன்னாங்க. ரெண்டுமே எனக்கு கம்மியாத்தான் கேக்குது. ஐஇஎம் மட்டும் தலைகீழ். நண்பரோட மேசை ஆம்ப்ல சொருகினா பாட்டே போடாம ஸ்ஸ்ஸ்னு இரைச்சல், குமிழை லேசா திருகினாலே காது கிழியுது. 1 வாட் ஆம்ப் ஒண்ணு வாங்கிட்டா மூணுக்கும் ஆகுமா?

கால்வாட் | 2 மார்ச், இரவு 11:40

கடையில சொன்னது பாதிக் கதை. ஓமை (ஹெட்போனின் மின்தடை, அதாவது இம்பீடன்ஸ்) வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. மீதிப் பாதி சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. இதிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது: சில கம்பெனி ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடும், சில கம்பெனி ஒரு வோல்ட்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். முதலில் எல்லாவற்றையும் வோல்ட்டுக்கு மாற்றுங்கள். 1000ஐ ஓமால் வகுத்து, லாக் எடுத்து, 10ஆல் பெருக்கி, மில்லிவாட் எண்ணோடு கூட்டவேண்டும். லாக் வேண்டாம் என்பவர்களுக்கு நேரடியாக: 16 ஓமுக்கு 18 கூட்டு, 32க்கு 15, 64க்கு 12, 250க்கு 6, 300க்கு 5 சொச்சம்.

எச்இ400எஸ்இ மில்லிவாட்டுக்கு 91. 32 ஓம் என்பதால் 15 கூட்டினால் வோல்ட்டுக்கு 106. எச்டி 6எக்ஸ்எக்ஸ், அண்ணன் எச்டி 650 போலவே வோல்ட்டுக்கு 103. ஆக வித்தியாசம் வெறும் 3 டெசிபல். 32க்கும் 300க்கும் அத்தனை தூரம் என்று நினைத்தோமே, வோல்ட் கணக்கில் இரண்டும் பக்கத்து வீடு.

வேறுபடுவது கரண்ட்டில். உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று வையுங்கள். 6எக்ஸ்எக்ஸுக்கு 2.24 வோல்ட், ஏழரை மில்லி ஆம்பியர். எச்இ400எஸ்இக்கு 1.58 வோல்ட்தான், ஆனால் 50 மில்லி ஆம்பியர். சென்ஹைசர் வோல்ட் கேட்கிறது, எச்இ400எஸ்இ போன்ற பிளேனர் (தட்டையான சவ்வு அதிரும் வகை) கரண்ட் கேட்கிறது. கடையில் சொன்னதற்கு நேர் எதிராக, சின்ன டாங்கிள்கள் பலவும் மூச்சு வாங்குவது 32 ஓம் பிளேனரில்தான்.

சத்தம்கம்மி | 3 மார்ச், காலை 7:02

110 டெசிபல்னா காது போயிடாதா?

கால்வாட் | 3 மார்ச், காலை 9:30

அது உச்சக் கணக்கு, சராசரி இல்லை. நாள் முழுக்க 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் கெடுதல். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு அமைப்பான நியோஷ் 85க்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்குகிறது. நாம் 75ல் கேட்டாலும் ஒரு தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க அடி சராசரியை விட 20 டெசிபலுக்கு மேல் எகிறும். அந்த ஒரு கணத்துக்குத்தான் இடம் விடுகிறோம். இப்போதைய சினிமாப் பாட்டு நசுக்கி மாஸ்டர் செய்தது, அதற்கு 95 இருந்தாலே ஓடிவிடும். பழைய கச்சேரிப் பதிவுகள் தாழ்வாகப் பதிந்திருக்கும், ஆம்ப் போதவில்லை என்ற புகார் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும்.

இன்னொன்று ஈக்வலைசர். பாஸை 6 டெசிபல் தூக்கினால், கிளிப் ஆகாமல் (உச்சம் வெட்டுப்படாமல்) இருக்க மொத்தத்தையும் 6 இறக்கவேண்டும். அதை ஈடுகட்ட இருமடங்கு வோல்ட் தேவை. மேலே சொன்ன 2.24 உடனே 4.5 ஆகிவிடும்.

அளவுகோல் | 3 மார்ச், மதியம் 1:15

ஆப்பிள் டாங்கிள் பற்றி யாரும் சொல்லவில்லையே. முழு அளவில் 1 வோல்ட் தரும், அவுட்புட் இம்பீடன்ஸ் (சிக்னல் தரும் பக்கத்தின் உள்தடை) 1 ஓமுக்குள். ஆனால் ஐரோப்பாவுக்கான ஏ2155 மாடல் பாதி வோல்ட்தான். ஒயரில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும், பாருங்கள். ஏ2049 என்றால் முழுசு.

அதைவிடப் பெரிய கோளாறு: ஆண்ட்ராய்டில் சொருகினால் டாங்கிளுக்கு உள்ளே இருக்கும் வால்யூம் பல போன்களில் முழுசாக ஏறாது. திரையில் 100 சதவீதம் காட்டும், உள்ளே பாதிக்கும் கீழே நிற்கும். யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி, டாங்கிளைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும் செயலியில் ஹார்ட்வேர் வால்யூமை முழுசாக வைத்துக் கேளுங்கள். இல்லையா, அதே டாங்கிளை லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள். சத்தம் டக்கென்று கூடினால் குற்றவாளி ஹெட்போனும் இல்லை, ஆம்பும் இல்லை.

சத்தம்கம்மி | 3 மார்ச், இரவு 8:48

ஏ2049தான். லேப்டாப்ல போட்டேன். ரெண்டுமே நல்லா கூடிடுச்சு! அப்போ ஆம்ப் வேண்டாமா?

கால்வாட் | 3 மார்ச், இரவு 9:20

1 வோல்ட்டில் 6எக்ஸ்எக்ஸ் உச்சம் 103, எச்இ400எஸ்இ 106. சினிமாப் பாட்டுக்குத் தாராளம். கச்சேரி, ஈக்வலைசர் என்று போனால் பற்றாது. 2 வோல்ட் தரும் டாங்கிள் ஒன்று (சிஎஸ்43131 சிப் வைத்தவை நிறைய உண்டு) 6 டெசிபல் கூட்டித் தரும். அதற்கு மேல் வேண்டும் என்றால்தான் மேசை ஆம்ப்.

லேப்டாப் எது? 2021க்குப் பிறகு வந்த மேக்புக் ப்ரோ என்றால் டாங்கிளையே கழற்றி வையுங்கள். அதன் ஜாக், சொருகியது எத்தனை ஓம் என்று அளந்து பார்த்து, 150 ஓமுக்குக் கீழே 1.25 வோல்ட், 150 முதல் 1000 வரை 3 வோல்ட் தரும். 6எக்ஸ்எக்ஸ் அதில் 112 டெசிபல் தொடும்.

ரிச்சித்தெரு | 3 மார்ச், இரவு 10:05

எல்ஜி வி30 ஞாபகம் வருது. அதுவும் ஓம் பார்த்துதான் கியர் மாத்தும், 50 ஓமுக்கு மேல இருந்தாத்தான் ஹை இம்பீடன்ஸ். 32 ஓம் பிளேனர் வச்சிருந்தவங்க எக்ஸ்டென்ஷன் ஒயரை முதல்ல சொருகி போனை ஏமாத்திட்டு, அப்புறமா ஹெட்போனை மாட்டுவாங்க. 2021ல கம்பெனி போன் தயாரிக்கறதையே நிறுத்திருச்சு. வித்தை மட்டும் மிச்சம்.

வால்வுப்பித்து | 5 மார்ச், இரவு 11:58

எண்ணை மட்டும் பேசறீங்க. 6எக்ஸ்எக்ஸை ஒரு ஓடிஎல் வால்வு ஆம்ப்ல கேட்டுப் பாருங்க. பாட்டில்ஹெட் கிராக், டார்க்வாய்ஸ் 336எஸ்இ மாதிரி. அந்த இதம் எந்த டாங்கிள்லயும் வராது.

கால்வாட் | 6 மார்ச், காலை 8:10

வரும், அதற்கும் எண் உண்டு. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத அந்த வால்வு ஆம்புகளின் அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓமைத் தாண்டும். 120 என்று வைப்போம். 6எக்ஸ்எக்ஸ் பெயருக்குத்தான் 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 500க்கு ஏறும். நடுவில் 300ஐ 420ஆல் வகுத்தால் 2.9 டெசிபல் இழப்பு. பாஸில் 500ஐ 620ஆல் வகுத்தால் 1.9தான். அதாவது பாஸ் 1 டெசிபல் தூக்கலாக நிற்கும். இதோடு வால்வின் இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண்ணில் சேரும் ஒலி) கொஞ்சம் சேர்ந்தால் நீங்கள் சொல்லும் இதம். பிடித்தால் தப்பில்லை.

ஆனால் அதே ஆம்பில் எச்இ400எஸ்இ சொருகினால் 32ஐ 152ஆல் வகுக்கவேண்டும், 13.5 டெசிபல் காலி. கரண்ட்டும் வராது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கால்வாட் | 6 மார்ச், மாலை 6:30

இப்போது ஐஇஎம். கேள்வியின் சுவையான பகுதி அதுதான், இதுவரை விட்டுவிட்டேன்.

பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வைத்த ஐஇஎம்மின் இம்பீடன்ஸ் மலையும் மடுவுமாக இருக்கும். உதாரணத்துக்கு, ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40. ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 என்றால், 8 ஓம் இருக்கும் இடத்தில் 7 டெசிபல் இழப்பு, 40 இருக்கும் இடத்தில் 1.9. ஐந்து டெசிபல் சாய்ந்துவிட்டது. அது வேறு ஐஇஎம். அதே கணக்கை 1 ஓமில் போட்டால் சாய்வு 0.8தான். எட்டில் ஒரு பங்கு விதி இங்கிருந்து வந்தது: ஐஇஎம்மின் ஓமில் எட்டில் ஒன்றுக்குக் கீழே ஆம்ப் இருக்கவேண்டும். 16 ஓமுக்கு 2, 8 ஓமுக்கு 1. பெட்டியில் போட்ட ஓமை விட்டுவிட்டு, வளைவில் எங்கே மிகத் தாழ்வோ அந்த எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

எல்லா ஆம்பும் 1 ஓமுக்குக் கீழே இருந்தே ஆகவேண்டும்.

அளவுகோல் | 6 மார்ச், இரவு 7:45

கடைசி வரி அதிகப்படி. பிளேனரின் இம்பீடன்ஸ் நேர்க்கோடு. அங்கே 10 ஓம் இருந்தாலும் சத்தம் கொஞ்சம் குறையும், சாய்வு வராது. ஒற்றை டைனமிக் டிரைவர் ஐஇஎம் பலவும் அப்படித்தான். வேண்டுமென்றே தடையைச் சேர்த்த கதையும் உண்டு. எட்டிமோட்டிக் ஈஆர்4பி-க்கு 75 ஓம் சேர்க்கும் ஒயர் விற்றார்கள், அதைப் போட்டால் ஈஆர்4எஸ் ஆகிவிடும். ட்ரூத்இயர் ஜீரோ ரெட் பெட்டிக்குள்ளேயே 10 ஓம் அடாப்டர் வருகிறது, பாஸ் கூட்டுவதற்கு.

கால்வாட் | 6 மார்ச், இரவு 8:00

ஒப்புக்கொள்கிறேன். மல்ட்டி பிஏ-வுக்கு மட்டும் என்று திருத்தி வாசிக்கவும்.

கால்வாட் | 7 மார்ச், காலை 7:20

இரைச்சலுக்கு வருவோம். கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா என்ற ஐஇஎம்முக்குக் கம்பெனி சொன்ன கணக்கு, 94 டெசிபலுக்கு வெறும் 7.01 மில்லிவோல்ட். வோல்ட்டுக்கு மாற்றினால் 137! 6எக்ஸ்எக்ஸைவிட 34 டெசிபல் கூடுதல். ஆம்பின் இரைச்சல் 2 மைக்ரோவோல்ட் என்றால் காதில் 23 டெசிபல், ராத்திரி அமைதியில் காது கொடுத்தால் லேசாக உண்டு. 10 மைக்ரோவோல்ட் என்றால் 37 டெசிபல், யாருக்கும் கேட்கும். அதே 10 மைக்ரோவோல்ட் 6எக்ஸ்எக்ஸில் 3 டெசிபல், கேட்கவே கேட்காது. நண்பரின் ஆம்ப் கெட்டது இல்லை. அது உங்கள் ஐஇஎம்முக்குச் செய்யப்பட்டது இல்லை, அவ்வளவுதான்.

இரைச்சல் எங்கிருந்து என்று பிரித்துப் பார்க்க: ஒன்றுமே இல்லாத மௌனக் கோப்பு ஒன்றை ஓடவிடுங்கள் (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக்கும் டாக்குகள் சில, சிக்னல் நின்றதும் தானே வாயை மூடிக்கொள்ளும், அதனால் நிறுத்திவைத்துச் சோதித்தால் தெரியாது). குமிழை மேலும் கீழும் திருகுங்கள். இரைச்சல் மாறவே இல்லை என்றால் ஆம்பின் வெளியீட்டுப் பகுதி. குமிழோடு ஏறி இறங்கினால் டாக் அல்லது உள்ளீடு.

குமிழை லேசாகத் திருகினாலே காது கிழிவது கெய்ன் கோளாறு. டாக் 2 வோல்ட் தருகிறது, ஆம்ப் அதை 6 மடங்காக்குகிறது, உங்களுக்கு வேண்டியதோ 20 மில்லிவோல்ட். குமிழ் எப்போதும் அடிமட்டத்தில் நிற்கும். மலிவான பொட்டென்ஷியோமீட்டரில் அந்த இடத்தில்தான் இடமும் வலமும் ஒத்துப்போகாது, பாட்டு ஒரு காதுக்குச் சாயும். கெய்ன் சுவிட்சை லோவில் போடுங்கள். போதாவிட்டால் கணினியில் வால்யூமை 15 டெசிபல் இறக்கிவிட்டு குமிழை நடுவுக்கு ஏற்றுங்கள். 24 பிட்டில் அனுப்பினால் 144 டெசிபல் இடம் இருக்கிறது, 15 போனால் வீடு முழுகிவிடாது.

ரிச்சித்தெரு | 7 மார்ச், மதியம் 12:30

கால்வாட் அண்ணே, இரைச்சல் வெளியீட்டுப் பகுதியிலன்னா கெய்ன் குறைச்சும் போகாது. அதுக்கு நடுவுல அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கற ரெசிஸ்டர் அமைப்பு) போடணும். ஒரு காதுக்கு ரெண்டு ரெசிஸ்டர்: பிளஸ் ஒயர்ல 22 ஓம் தொடரா, அதுக்கப்புறம் ஐஇஎம் பக்கம் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 2.2 ஓம். 16 ஓம் ஐஇஎம்ல 22 டெசிபல் இறங்கும், இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். ஐஇஎம்முக்குத் தெரியற அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம். ஆம்புக்குத் தெரியற லோடு 24 ஓம்.

வெறும் தொடர் ரெசிஸ்டர் மட்டும் போட்டா சத்தம் குறையும், ஆனா மேல சொன்ன சாய்வு வந்துரும். குறுக்க போடற அந்த 2.2தான் முக்கியம்.

மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம். கார்பன் 5 சதவீதம் வாங்காதீங்க, ரெண்டு காதும் ஒத்துக்காது. 1 சதவீதத்துலயே மோசமான சேர்க்கைல 0.3 டெசிபல் வரை தள்ளும், அதனால பத்து வாங்கி மல்ட்டிமீட்டர்ல ஜோடி பாத்து எடுங்க. சென்னை ரிச்சி தெருவுல பத்துக்குக் கம்மியா கேட்டா முறைப்பாங்க, எப்படியும் பத்துதான். கால் வாட் ரெசிஸ்டர்னா ஆம்ப் வெளியீடு 2.5 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினா 22 ஓம் சூடாகும்.

சத்தம்கம்மி | 7 மார்ச், இரவு 9:11

"கால் வாட்" அண்ணனை சூடாக்கக்கூடாதுன்னு புரியுது.

நண்பர் ஆம்ப்ல 4.4 மிமீ பேலன்ஸ்டு ஜாக் இருக்கு. அதுல கேட்டா இரைச்சல் போகுமா?

கால்வாட் | 7 மார்ச், இரவு 9:40

பெரும்பாலும் கூடும். பேலன்ஸ்டில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஆம்ப் எதிரெதிராக வேலை செய்யும். வோல்ட் இருமடங்கு, அவுட்புட் இம்பீடன்ஸும் இருமடங்கு, இரைச்சலும் வழக்கமாகக் கொஞ்சம் மேலே. 6எக்ஸ்எக்ஸுக்கு லாபம், ஐஇஎம்முக்கு நஷ்டம். பவர் நாலு மடங்கு.

கால்வாட் | 8 மார்ச், காலை 6:55

நாலு மடங்கு என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், உறுத்தியது. 300 ஓமில் மட்டும் சரி. 16, 32 ஓமில் ஆம்பின் கரண்ட் வரம்பு முதலில் இடிக்கும், நாலு மடங்கு வராது. விவரத்தாளில் 32 ஓமுக்கும் 300 ஓமுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 32 ஓமில் 1 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது 5.66 வோல்ட். அதே வோல்ட் 300 ஓமில் 107 மில்லிவாட்தான். அதுவே 6எக்ஸ்எக்ஸுக்கு 118 டெசிபல், எதேஷ்டம். ஹைஃபைமேன் சுஸ்வாரா போல மில்லிவாட்டுக்கு 83, 60 ஓம் என்று இருப்பவற்றுக்குத்தான் வாட் கணக்கில் ஆம்ப்: 110 தொட அரை வாட், ஐந்தரை வோல்ட்.

ரிச்சித்தெரு | 8 மார்ச், காலை 10:20

பேலன்ஸ்டுன்னதும் ஒரு எச்சரிக்கை. 4.4 பின் உள்ள ஹெட்போனை 3.5 ஜாக்ல போட அடாப்டர் இருக்கு, அது பத்திரம். தலைகீழா, ஆம்போட 4.4 ஜாக்ல 3.5 ஹெட்போனைப் போடற அடாப்டரும் விக்கறாங்க. வாங்கவே வாங்காதீங்க. இடது மைனஸும் வலது மைனஸும் ஒண்ணா சேந்துரும். பேலன்ஸ்டு ஆம்ப்ல அது கிரவுண்டு கிடையாது, ரெண்டுமே உயிருள்ள வெளியீடு. ஷார்ட் ஆகி ஆம்ப் போகும். என்னோட அட்டெனுவேட்டரைப் பேலன்ஸ்டுக்கு செய்யறவங்களும் இதே கவனம் வைங்க: 2.2ஐ அந்தந்த காதோட பிளஸ் மைனஸுக்குக் குறுக்க மட்டும் போடணும்.

வால்வுப்பித்து | 9 மார்ச், இரவு 12:20

டாக் பத்தி யாருமே வாயைத் திறக்கலையே. ஈஎஸ்எஸ் சிப் பளிச்சுனு இருக்கும், ஏகேஎம் சிப் வெல்வெட்டு. இதுக்கும் எண் இருக்கா?

கால்வாட் | 9 மார்ச், காலை 9:05

2020 அக்டோபரில் ஜப்பானில் நொபெயொகாவில் இருந்த ஏகேஎம் ஆலை எரிந்தது. சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் ஓடிக்கொண்டிருந்த மாடலிலேயே வேறு சிப்புக்கு மாறின. ஃபியோ கே5 ப்ரோ அப்படித்தான் ஈஎஸ்எஸ் ஆனது. இரண்டையும் ஒரே சத்தத்துக்குச் சமன் செய்து, எது எது என்று தெரியாமல் ஒப்பிடுங்கள், பிறகு வெல்வெட்டைப் பேசலாம். சமன் செய்யாவிட்டால் அரை டெசிபல் சத்தமானது "தெளிவு" என்று தோன்றும்.

சமன் செய்யும் விதம்: 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, ஹெட்போன் சொருகிய நிலையில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும். காதில் மாட்டிக்கொண்டு செய்யாதீர்கள்.

என் வரிசை இதுதான்: ஹெட்போன், ஈக்வலைசர், ஆம்ப், கடைசியில் டாக்.

அளவுகோல் | 9 மார்ச், காலை 11:30

அதே மீட்டரில் அவுட்புட் இம்பீடன்ஸையும் அளக்கலாம், கம்பெனி சொல்லாவிட்டாலும். 100 ஹெர்ட்ஸ் அலை, லோடு இல்லாமல் 0.5 வோல்ட் வரும்படி வையுங்கள். பிறகு 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு மறுபடி அளங்கள். 0.384க்கு இறங்கினால்: 0.5ஐ 0.384ஆல் வகுத்து, 1 கழித்து, 33ஆல் பெருக்கு. 10 ஓம். 0.49க்கு மேலேயே நின்றால் 1 ஓமுக்குக் கீழே, கவலை இல்லை.

சத்தம்கம்மி | 14 மார்ச், இரவு 10:02

அளந்தேன். நண்பரோட ஆம்ப் 0.5ல இருந்து 0.386. கிட்டத்தட்ட பத்து ஓம். ஐஇஎம் அதுல வேற மாதிரி கேட்டதுக்கும் காரணம் இதுதான் போல.

2 வோல்ட் டாங்கிள் ஒண்ணு வாங்கிட்டேன். மூணும் ஓடுது. புதுசா ஒண்ணு: லேப்டாப் சார்ஜர்ல இருக்கும்போது மட்டும் ஐஇஎம்ல கொய்ங்னு சத்தம். அப்புறம் நேத்து ஒரு பாட்டுல பாடறவர் குரலே காணோம், வயலின் மட்டும் கேக்குது.

ரிச்சித்தெரு | 14 மார்ச், இரவு 10:25

குரல் காணாமப் போனா பின் முழுசா உள்ள போகலைன்னு அர்த்தம். கிரவுண்டு தொடாம இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதுக்கு வருது. குரல் நடுவுல, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறதால ரத்தாயிடும். கவர் போட்ட போன்ல டாங்கிள் பாதிதான் போகும், ஆனா அங்க மொத்தமா கட்டாகும். இது 3.5 பக்கம். பின்னைத் துடைச்சு அழுத்திப் பாருங்க. அப்பவும் இருந்தா ஒயர்ல கிரவுண்டு அறுந்திருக்கு.

கொய்ங்: ரெண்டு பின் சார்ஜரா? லேப்டாப் மேல விரல் வச்சா சுர்ருங்குதா? சார்ஜரோட கசிவு கரண்ட் அது. எர்த் உள்ள மூணு பின் சார்ஜர், எர்த் உண்மையிலேயே இருக்கற பிளக். பாதி வீட்டுல மூணாவது ஓட்டை அழகுக்குத்தான். இல்லாட்டி சார்ஜரைக் கழட்டிட்டு கேளுங்க.

அளவுகோல் | 15 மார்ச், காலை 8:15

யுஎஸ்பி ஐசோலேட்டர் (கணினிக்கும் டாக்குக்கும் இடையே மின் தொடர்பைத் துண்டிக்கும் சாதனம்) வாங்கலாம் என்று யாராவது சொன்னால், மலிவானவற்றில் ஏடியுஎம்4160 சிப் இருக்கும். 12 மெகாபிட்தான் தாங்கும். ஸ்டீரியோ 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும், அதுவும் டாக் பழைய யுஎஸ்பி ஆடியோ 1 முறையையும் ஏற்றால். ஏற்காத டாக்கைக் கணினி அடையாளமே காணாது. மேசை டாக் என்றால் ஆப்டிகல் ஒயர் போதும், அதில் கரண்ட்டே போகாது.

சத்தம்கம்மி | 15 மார்ச், இரவு 9:30

பின் அழுத்தினதும் பாடகர் திரும்பி வந்துட்டார். சார்ஜர் ரெண்டு பின்தான். அட்டெனுவேட்டர் செய்யலாம்னு பாக்கறேன், 22 ஓம் கிடைச்சுது, 2.2 இல்லை, 2.7 தான் தர்றாங்க. பரவாயில்லையா?

ரிச்சித்தெரு | 15 மார்ச், இரவு 9:52

போடுங்க. 20 டெசிபல் இறங்கும், அவுட்புட் இம்பீடன்ஸ் 2.4 ஆகும். அடுத்த கடையில 2.2 இருக்கும், கேட்டுப் பாத்துட்டு போடுங்க.